கதவை இப்போதைக்குச் சரிபண்ண வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமா? அம்மாவோட முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடறேன், நம்புங்க.

பேக்கரி வேலை முடிஞ்சு எழுத்து வகுப்புக்குப் போறேன்னு சொன்னேனே, அங்கே டீச்சர் "உங்க வீட்டைப் பத்தி எழுதுங்க"ன்னாங்க. பக்கத்துல இருந்த தையல்காரம்மா தோட்டம், மாடின்னு எழுதித் தள்ளினாங்க. எனக்கு நம்ம வாசக்கதவுதான் ஞாபகம் வந்துச்சு. இறுகிக் கிடக்கிற அதைத் திறக்கணும்னா கைப்பிடியைத் தூக்கிப் பிடிச்சு இடுப்பால ஒரு இடி இடிக்கணும். உடனே உள்ளேயிருந்து நீங்க, "ஞாயித்துக்கிழமை சரிபண்ணிடறேன்!"னு குரல் குடுப்பீங்க.

வாசிச்சதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. "எந்த ஞாயிறு?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

இங்கே என் அறைக்கதவு விரல் பட்டாலே திறக்கும். பழக்கதோஷத்துல நேத்தும் இடிச்சுக் கட்டில்ல போய் விழுந்தேன். அடி ஒண்ணும் இல்லை.

என் பழைய போர்வையை அனுப்புங்க, துவைக்காம. அப்புறம், கதவுக்குத் தச்சரை வரச்சொல்லிட்டீங்களாமே? இருபது வருஷம் தள்ளிப்போட்டீங்க, இன்னும் ஆறு மாசம் தள்ளிப்போடுங்கப்பா. நான் வந்து ஒரே ஒரு தடவை இடிச்சுத் திறந்துக்கறேன்.

வேலைக்கு நேரமாச்சு.

இடிக்கக் காத்திருக்கும்,
உங்கள் மகள்