மைனஸ் இருபதில் செல்வம்

மே 28, புதன்
காலை ஒன்பதுக்கே 41 டிகிரி. ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை. ராஸ் அல் கைமாவிலிருந்து புஜைரா, துறைமுகத்து இறைச்சிக் கிடங்கு. உள்ளே மைனஸ் இருபது. ஜூலையில் எங்கள் பல்கலைக்கழகக் குழு நார்வேயின் வடகோடிக்குக் கப்பலில் போகிறது, உறைந்த மண் எவ்வளவு இளகியிருக்கிறது என்று அளக்க. கருவிகள் குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும். அவற்றைச் சோதிக்க இந்த அமீரகத்தில் கிடைத்த வடதுருவம் இதுதான்.

செல்வம் கூடவே நின்றார். பரமக்குடிப் பக்கம், கிடங்கில் பதினாலு வருஷம். என் பேனா பத்து நிமிஷத்தில் மக்கர். "பென்சில் வச்சுக்கங்க மேடம். மை உறைஞ்சிரும்." வெப்பநிலையைக் குறிக்கும் பதிவுப் பெட்டி அடிக்கடி நின்றுபோகும் காரணமும் அவர் கண்டுபிடித்ததுதான்: வெளியே எடுத்ததும் வேர்க்கிறது, உள்ளே போனதும் அந்த ஈரம் உறைகிறது. குழுவில் படித்த எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியவில்லை.

குழுவில் உதவியாளர் இடம் காலி. வருகிறீர்களா என்று கேட்டேன். "நெசமாவா மேடம்?" இரண்டு தடவை கேட்டார்.

மே 30, வெள்ளி
குழுவை நடத்தும் பேராசிரியர் சரி என்றார். செல்வத்துக்குக் கம்பெனியில் லீவும் கிடைத்தது. விசா நேர்காணல் 4ஆம் தேதி.
வாங்க: ரப்பர் பூட்ஸ், பென்சில் 1 டஜன், கையுறை (எனக்குச் சின்னது, செ.வுக்குப் பெரியது).
பாஸ்போர்ட் எடுத்து வரச் சொல்லி மெசேஜ். "சரிங்க மேடம்." அத்தோடு விட்டுவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்
தூசிக் காற்று. செ. போன்.
"பாஸ்போர்ட்டு கம்பெனி ஆபீஸ் லாக்கர்ல இருக்கு மேடம். சாவி வச்சிருக்கவரு பெருநாளுக்கு ஊருக்குப் போயிட்டாரு. வர பத்து நாளாகும்."
"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"
"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அதக் கேட்டு நீங்க கம்பெனிக்கு லெட்டர் குடுத்திருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

என்னுடையது பீரோவில், புடவைக்கு அடியில். லேபர் கேம்ப் ஆட்களுடையது அவர்கள் கையில் இருப்பதில்லை, கம்பெனிதான் பூட்டி வைக்கும் என்று தெரியாதா? இங்கே வந்த பதினோரு வருஷமாகத் தெரியும். நினைவுக்கு வரவில்லை. அதுதான் கேவலம்.

ஜூன் 4, புதன்
பேராசிரியர்: "பேர் லிஸ்ட் இன்னைக்கு முடியுது. கப்பல் நமக்காக நிக்காது. வேற பேர் போடுங்க."
பத்து நாள் அவகாசம் கேட்டுப் பார்த்திருக்கலாம். வாய் வரவில்லை. மல்லுக்கு நின்றால் என் இடமும் போகுமோ என்று பயம். நானே பெயரை அழித்தேன். செ.விடம் சொல்லவில்லை.
சப்பாத்தி மாவில் உப்பு மறந்துபோயிற்று. வீட்டில் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

ஜூன் 10, செவ்வாய்
புஜைரா. பெட்டிகளை எடுத்துவர. ஒவ்வொன்றின் மேலும் செ. பென்சிலில் எழுதியிருந்தார்: ஈரம் துடைத்து மூடவும்.

சொன்னேன். பெயரை நானே அழித்ததையும், பயந்ததையும் சொன்னேன். அவர் ஒரு பெட்டியின் மூடியை இன்னொரு தடவை துடைத்தார்.
"போறேன்னு வீட்ல சொல்லிப்புட்டேன் மேடம். அதான்."
உள்ளேயிருந்து இந்தியில் அவசரப்படுத்தும் குரல்: "செல்வம் பாய், ஜல்தி."
பெரிய கையுறையை அவரிடமே நீட்டினேன். வாங்கவில்லை.
"ஒரு ஜோடி பத்தாது. உங்களது மேல இதையும் மாட்டிக்கங்க. நாங்க அப்படித்தான்."

காரில் உட்கார்ந்து இரண்டையும் மாட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. வெளியே 44. கழற்ற மனம் வரவில்லை.