கூண்டு ஏற்றிய நாளில் ஒரு டிரங்க் கால்

அக்கா,

போன வாரம் சமையற்கட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த செல்போன் திடீரென்று அலறியது. வழக்கமான மணி இல்லை, ஆலைச் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். அரிவாள்மணையை விட்டு எழுந்தே விட்டேன். பார்த்தால், ஆபத்து வந்தால் இப்படித்தான் எச்சரிப்போம், இது வெறும் சோதனை என்று சர்க்கார் அனுப்பிய செய்தி. மருமகள் சிரித்தாள். நான் மறுபடி மீனுக்கு முன்னால் உட்கார அரை மணி நேரம் ஆயிற்று. நீங்கள் இருந்திருந்தால் உங்களைத்தான் கூப்பிட்டிருப்பேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

எழுபதுகளில் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூருக்கு லைன் இணைத்துக் கொடுக்கிற டிரங்க் கால் போர்டுக்கு முன்னால் நாம் இருவரும் அடுத்தடுத்த நாற்காலி. நீங்கள் நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பெண், யாருக்கும் அஞ்சாதவர். நான் காயல்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரைக்காரி. ஆபீசர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். “ஏளா, அவரும் மனுசந்தான. கடிச்சா திங்கப் போறாரு?” என்பீர்கள்.

அந்த ஐப்பசி மத்தியானம் துறைமுகத்திலிருந்து வந்த போனை எடுத்தது நான். “புயல் கூண்டு ஏத்தியாச்சும்மா. தெக்க கரையூரு போஸ்ட் ஆபீசுக்குச் சொல்லிருங்க” என்று சொல்லித் துறைமுகத்து ஆள் வைத்துவிட்டார். அர்ஜன்ட் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. வகை சொல்லாத கால் ஆர்டினரி என்பது நாம் படித்த பாடம். கால் விவரம் குறிக்கிற டிக்கெட்டில் அப்படியே எழுதி வரிசையில் கடைசியாகச் செருகினேன்.

தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தது ஒரே லைன். அதில் ஓர் உப்பு வியாபாரியின் லைட்னிங் கால் போய்க்கொண்டிருந்தது. பல மடங்கு காசு கட்டி எல்லாரையும் முந்துகிற கால். அதை வெட்டினால் வேலைக்கே ஆபத்து.

துறைமுகத்துக் கூண்டு எங்கள் ஊர்க் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மூன்று மணிக்கு வள்ளம் இறக்குவார்கள், என் அண்ணனும் போவான். எல்லாம் எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்தும் கை எழவில்லை. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. மணி இரண்டரை தாண்டிவிட்டது. வியாபாரி உப்புப் பேச்சை முடித்து மகள் கல்யாணப் பேச்சுக்கு வந்திருந்தார். மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டு வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தேன்.

“ஏளா, என்ன, முகம் வெளுத்துக் கெடக்கு?” என்றீர்கள். டிக்கெட்டைத் தள்ளினேன்.

“கூண்டு ஏத்துனதுக்கு ஆர்டினரியா? நகருளா.”

என் மடிக்கு மேலே கையை நீட்டி வியாபாரியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்கள். போஸ்ட் மாஸ்டர் எடுத்ததும், “கூண்டு ஏத்தியாச்சு. ஒரு வள்ளமும் எறங்கக் கூடாது. ஓடுங்கய்யா!” என்று கத்தினீர்கள். அவர் ஓடிப்போய்க் கோயில் மணியை அடிக்கச் சொன்னாராம். பொழுது சாய்வதற்குள் புயல் வந்து கரையோரக் குடிசைகளின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கடலில் எங்கள் ஊர் ஆள் ஒருவர்கூட இல்லை.

வியாபாரி புகார் கொடுத்தார். ஆபீசர் நம் இருவரையும் கூப்பிட்டார். யாரைக் கேட்டு வெட்டினாய் என்றதற்கு நீங்கள், “சர்க்கார் லைன் ஸார் அது. துட்டு கட்டுதவருக்கு மட்டுந்தான்னா, அதுக்கு எதுக்கு சர்க்கார்? கரையில நிக்கவனுக்கு வேற யாரு போன் போடுவா?” என்றீர்கள். அவர் என் கையெழுத்தில் இருந்த டிக்கெட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். “துறைமுகத்தில் அர்ஜன்ட் என்று சொன்னார்களா?”

“இல்ல ஸார்” என்றேன்.

பொய் இல்லை. கேட்காமல் விட்டது என் தப்பு என்று இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். டிக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கைக்குழந்தையோடு உங்களை வடக்கே எங்கேயோ மாற்றினார்கள். ரயிலடியில்கூட நீங்கள் திட்டவில்லை. “சாப்ட்டியாளா?” என்றுதான் கேட்டீர்கள்.

சர்க்கார் என்றால் அந்த ஆபீசரும் அவர் மேஜையும்தான் என்று அப்போது நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் எங்கள் ஊருக்குச் சர்க்காராக இருந்தது நாம் இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. போஸ்ட் மாஸ்டர் கேட்டது ஒரு பெண் குரல். எக்ஸ்சேஞ்சில் இருந்த எங்கள் ஊர்ப் பெண் நான் ஒருத்திதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க உசுரக் காத்தவ நீதாம்ளா” என்று அழுதான். நான் வாயைத் திறக்கவில்லை. மறு வருஷம் பிறந்த மகளுக்கு ஞானஸ்நானத்தில் என் பெயரை வைத்தான்.

அண்ணனுக்கு எண்பது நடக்கிறது. சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். முகத்தைப் பார்த்ததும் அதே பயம் வந்துவிடுகிறது. அவன் மகள் நேற்றும் வந்திருந்தாள். இன்றுவரை அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அக்கா. ஏளா என்றுதான். அவளுக்கு வைத்திருக்க வேண்டியது உங்கள் பெயர்.