கூரைச் சரணம்

மார்ச் 3

காலையில் சமையலறையில் பயிற்சி. அக்கா முதலடி பாடுவாள். நான் ஆர்மோனியம் வாசித்தபடி அந்த அடியைத் திருப்பிப் பின்பாட்டுப் பாடுவேன். நான் நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே இந்த ஏற்பாடுதான். முதலில் வாயைத் திறப்பது என் சுபாவத்தில் இல்லை.

இன்று அணை உடைந்த பழைய கதைப்பாட்டு முழுவதும். போன வருடம் சந்தைக் கூரை விழுந்து செத்த மூட்டைக்காரர்களுக்காக நான் எழுதிய சரணத்தைக் கடைசியில் சேர்த்திருக்கிறோம்.

மணலைக் கலந்தவன் மாடியிலே — மூட்டை
சுமந்து வந்தவன் மண்ணடியிலே.

கொஞ்சம் மலிவாக இருக்கிறதோ? அக்காவிடம் கேட்டேன்.

“பேசாம பெட்டியை அமுக்குடா.”

மார்ச் 5

ஊர் மன்றச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்பதாம் தேதி நாங்கள் பாடப்போகும் ஆண்டு விழாவின் செலவு முழுக்க அந்தக் கூரையைக் கட்டிய ஒப்பந்தக்காரருடையதாம்.

“பெரியவரே, அணை உடையட்டும், நல்லா உடையட்டும். கூரை மட்டும் வேணாம்.”

அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் — சரி என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் காபி வேறு கொடுத்தேன்.

மார்ச் 6

அக்காவிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

“நீ எழுதுனது. நீயே வேணாம்னா நான் எந்த வாயால பாட?”

வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். கத்தியிருக்கலாம்.

மார்ச் 8

சந்தை டீக்கடை அம்மா பேருந்து நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டார். கூரையடியில் செத்தவர்களில் ஒருவர் அவர் கணவர்.

“நாளைக்கு எங்க வீட்டுக்காரர் பாட்டு உண்டுல்ல, சார்? கடையைச் சாத்திட்டு வர்றேன். மழையில விழுந்துச்சுன்னு பேப்பர்ல போட்டுட்டான். அக்கா கடையில பாடிக் காட்டுனாங்க, உங்க பாட்டுலதான் சரியா இருக்கு.”

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா? எனக்கே தெரியாது. நீயெல்லாம் எதுக்குய்யா பாட்டு எழுதுறே?

மார்ச் 9

எழுதிவிட்டால்தான் நம்புவேன்.

முன்வரிசையில் ஒப்பந்தக்காரர். பின்னால், தூணோரம், டீக்கடை அம்மா. அணை உடைந்தது, வெள்ளம் வடிந்தது. என் பேச்சைக் காப்பாற்ற அக்கா அங்கேயே நிறுத்தினாள். கும்பிட எழுந்தாள்.

நான் துருத்தியை விடவில்லை. ‘மணலைக் கலந்தவன்’ என்று ஒரு கிழட்டுக் குரல் தொடங்கியது. நடுக்கம்; சுருதியும் சேரவில்லை. என்னுடையதுதான்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்தாள். பின்பாட்டு எடுத்தாள் — வாழ்நாளில் அவள் எடுக்காத பின்பாட்டு!

மைக்கை நிறுத்தினார்கள். நிறுத்தட்டுமே. எங்கள் சமையலறையில் மைக்கா இருக்கிறது? முழுச் சரணத்தையும் பாடினோம்.

மேடையோரம் செயலாளர் பல்லைக் கடித்தார்: “வாக்குக் குடுத்தீங்களே, பெரியவரே!”

“குடுத்தது தப்பு. திரும்ப எடுத்துக்கிட்டேன்.”

நானா சொன்னேன்? நான்தான்.

மார்ச் 10

கால் இன்னும் நடுங்குகிறது. பரவாயில்லை, காலை வைத்தா பாடுகிறேன்?

மார்ச் 12

செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். இனி எங்களுக்கு மன்ற மேடை கிடையாதாம். ஊரில் இருக்கும் ஒரே மேடை. அக்காவிடம் சொன்னேன்.

“மேடைதானேடா அவனுது?” என்றாள் அக்கா. “தொண்டையுமா?”

மார்ச் 16

சந்தை வாசலில் பாடினோம். மூட்டை இறக்குபவர்கள் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து ஆர்மோனியத்துக்கு இடம் செய்து கொடுத்தார்கள். டீக்கடை அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

அணைக் கதையை அக்கா பாடினாள். கூரைச் சரணத்தை நான் எடுத்தேன். முதலடி முடித்துப் பின்பாட்டுக்கு அக்கா பக்கம் திரும்பினேன். அவள் வாய் அசைந்தது. சந்தையே பாடியதில் அவள் குரல் தனியாகக் கேட்கவில்லை.