வெள்ளிக்கிழமைதோறும் ஆற்றில் குளித்த ஜீப்

தச்சநல்லூர்
9.2.1997

அன்பு மகள் ராஜராஜேஸ்வரிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த அருணாசலப் பிரதேசத்து மலைக்குளிரில் அப்படியே இருப்பதாக உன் அடுத்த கடிதம் சொல்ல வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. நீ எழுதிய மாத்திரையாலா, இல்லை பனி விட்டதாலா என்று எனக்குச் சந்தேகம், அவளுக்கு இல்லை. உன் தம்பி குமரகுருபரனை மதுரைக்கு மாற்றிவிட்டார்கள், சனிக்கிழமைதோறும் அழுக்குத் துணியோடு வந்து இறங்குகிறான்.

உன் கடிதத்தைப் படித்ததும் பல வருடங்களுக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் பாபநாசம் என்ற மாணவன் எழுந்து என்னிடம் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. "சார், ஒரு சாமான் புதுசா இருக்கும்போதே அது எப்படிப் பழசாகும்னு சொல்ல முடியுமா?" என்றான். பாடத்தில் இல்லாத கேள்வி என்று உட்காரச் சொல்லிவிட்டேன். இப்போது நீயும் அதையேதான் கேட்டிருக்கிறாய். போன மழையில் உங்கள் ஆஸ்பத்திரி வண்டி பிரசவ வலி கண்ட பெண்ணோடு ஓடையைத் தாண்டிய இடத்தில் நின்றுபோனதையும், பின் சக்கரம் இறுகிப்போய் அசையாததையும், குழந்தை தங்காததையும் எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன். ஏப்ரலில் மழை பிடிப்பதற்குள் வேறு வண்டி வாங்கியாக வேண்டும், வேலை முடிந்து சொந்த ஊருக்குத் திரும்புகிற காண்ட்ராக்டரின் ஒன்பது வருடப் பழைய ஜீப்பா, போன வருடம்தான் வெளிவந்த மூடிய பெரிய வண்டியா, எது பத்து வருடம் நம்பி ஓட்டக்கூடியது என்று கேட்டிருக்கிறாய். எனக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் சந்தேகப்படத் தெரியும். ஆகவே பாபநாசத்தைத் தேடிப் போனேன். அவன் இப்போது பைபாஸ் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், நாற்பது வயது, தலையில் பாதி நரை. அதே கேள்வியை நான் அவனிடம் கேட்டதும் சிரித்துவிட்டு, "அன்னைக்கு உக்காருலேன்னு சொன்னியளே சார், இப்பவாச்சும் நான் எந்திரிக்கலாமா?" என்றான். நீ சொன்ன இரண்டு வகையிலும் ஒவ்வொன்று நம் பக்கத்திலேயே ஓடுகிறது, நேரில் பார்ப்போம் என்று கூட்டிப்போனான்.

முதலில் மேலப்பாளையத்தில் தாஜ் முகம்மது வீடு. அவருடைய அண்ணன் துபாயில் இருக்கிறார், அவர் ஆசைப்பட்டு வாங்கிக்கொடுத்த புது வண்டி, எட்டு மாதம்தான் ஆகிறது. கதவைச் சாத்தினால் பெட்டகத்தை மூடுகிற மாதிரி சத்தம். தாஜ் முகம்மது புகழ்ந்தார் புகழ்ந்தார், தேநீர் ஆறும் வரைக்கும் புகழ்ந்தார். எட்டே மாத வண்டிக்கு ஒருவர் இவ்வளவு சாட்சி சொல்ல வேண்டுமா என்று அங்கேயே எனக்கு உறுத்தியது. முதல் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து இவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறுவான் என்று எந்த வாத்தியார் எழுதிக்கொடுப்பார்? பாபநாசம் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மற்ற போல்ட்டுகளின் மேல் எல்லாம் புழுதி படிந்திருக்க, உள்பக்கம் நாலு மட்டும் பளபளவென்று, ஸ்பேனர் கடித்த தழும்போடு இருந்தன. "இங்கன யாரோ கை வச்சிருக்காங்களே பாய்" என்றான். தாஜ் முகம்மது தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "பேரிங் போயிருச்சு வாத்தியாரய்யா. சாமான் வடக்கேருந்து வர இருபத்திமூணு நாளு ஆச்சு, அதுவரைக்கும் வண்டி அசையல. கண்ணு பட்டுரும்னு போத்தி வச்சிருக்கேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராதீய" என்றார். நான் அவர் அண்ணனிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நம் ஊரிலேயே இருபத்துமூன்று நாள் என்றால் உங்கள் மலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஆனாலும் ஒரு வண்டியை வைத்து அந்த வகையையே குறை சொல்ல மாட்டேன். அது எப்படி முதுமை அடையும் என்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் சேரன்மகாதேவிக்குப் போனோம். திருஞானசம்பந்தம் என்பவர், நெல் வயல்காரர், அவருடைய ஜீப்புக்குப் பன்னிரண்டு வயது. பார்த்தால் நேற்று வாங்கியது போல் மின்னுகிறது, நெற்றியில் சந்தனம், குங்குமம். எனக்கு வழக்கம்போல் அந்த மினுக்கத்தின் மேலேயே சந்தேகம் விழுந்தது. பின் அச்சின் நடுவில் பானை போல் உப்பலாக ஒரு பாகம் இருக்கும், ஹவுசிங் என்பார்கள். சக்கரத்தைச் சுழற்றும் பற்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். பாபநாசம் அதன் பக்கவாட்டுத் திருகைக் கழற்றி, ஒரு வேப்பங்குச்சியை உள்ளே விட்டு எடுத்தான். தேன் நிறத்தில் வரவேண்டிய எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. நான் உடனே, "தொண்ணூத்திரண்டு வெள்ளத்தில் முங்கிய வண்டியோ?" என்று கேட்டுவிட்டேன். மனிதருக்கு வந்ததே கோபம். "யாருவே சொன்னா? வெள்ளத்தப்போ மேட்டுத் தெருவுல நின்ன வண்டி, ஒரு சொட்டு படல! பிள்ளை மாதிரில்லா வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை தவறாம சந்தைக்குப் போயிட்டு வந்த கையோட ஆத்துல இறக்கி, இடுப்பளவுத் தண்ணீல நிறுத்திக் குளிப்பாட்டுதேன்!" என்றார். பாபநாசம் பைய, "ஓடி வந்த சூட்டோடயா அண்ணாச்சி?" என்று கேட்டான். "பின்ன, வண்டிக்குக் காய்ச்சல் விட்ட பெறவா குளிப்பாட்டுவாக?" என்றார் அவர். பாபநாசம் என் பக்கம் திரும்பி, "நீங்க நடத்துன பாடம்தான் சார். குடுவையைச் சூடாக்கி வாயைத் தண்ணீல கவுத்துனா தண்ணி தன்னால மேல ஏறுமே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்திரண்டு வருடம் நடத்திய பாடம்! ஓடிச் சூடான ஹவுசிங்கைக் குளிர்ந்த ஆற்றில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கி, மூச்சுவிட வைத்திருக்கும் சிறு துவாரம் வழியாகவும் அச்சின் ஓரங்கள் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பன்னிரண்டு வருட வெள்ளிக்கிழமைகள்! கெட்டவர் கையில் இருந்த வண்டியைத்தான் நான் சந்தேகப்பட்டுத் தேடினேன், இந்த வண்டியைப் பிரியமே அரித்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது உன் கடிதத்தின் அந்தப் பக்கம் மறுபடி மனதில் வந்தது. மலை இறங்கிய சூட்டோடு தினமும் ஓடையில் இறங்கும் வண்டி, பின் பக்கம் சில நாளாக முனகியது, பிறகு சக்கரம் இறுகியது என்று எழுதியிருந்தாயே. பாபநாசத்திடம் சொன்னேன். "உள்ள தண்ணி போயி பேரிங்கைத் தின்னிருக்கும் சார், வயசு காரணமில்ல" என்றான். வண்டியைத் திறந்து பார்க்காமல் சொல்வதை நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தக் காண்ட்ராக்டரின் ஜீப்பும் இந்த ஒன்பது வருடமாக அதே ஓடையைத்தானே தாண்டியிருக்கும்? அந்த மனிதர் அவ்வளவு குறைந்த விலைக்கு, அதுவும் ஆஸ்பத்திரி என்பதால் தருகிறார் என்று எழுதியிருக்கிறாய். நல்லவராக இருக்கலாம். அவருடைய நல்ல மனதை ஹவுசிங்குக்குள் ஊற்றி ஓட்ட முடியாது. நான் இப்படிப் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்ட உன் அம்மா, "மகளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போதுகூட இவ்வளவு விசாரிக்கலையே நீங்க" என்றாள். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே.

என் எண்ணம் இதுதான். பழைய ஜீப்பின் எண்ணெய் சுத்தமாக இருந்தால் அதையே வாங்கு. ஒன்பது வருடத்தில் அது தன் குணத்தைக் காட்டியிருக்கிறது, அதன் சாமான் உங்கள் சந்தையிலேயே கிடைக்கும். சுத்தமில்லை என்றால் வேறு பழைய ஜீப் தேடு, புதியதுக்குத் தாவாதே. எதை வாங்கினாலும் டிரைவரிடம் சொல்லி, அவசரமில்லாத நாட்களில் ஓடைக்கு முன்னால் அரைமணி நேரம் நிறுத்தி ஆறவிட்டு இறங்கச் சொல். அவசரமான நாளில் ஆறவிட முடியாது, அது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த மூச்சுத் துவாரத்தில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி இருக்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிவிடச் சொல்கிறான் பாபநாசம். மழைக்காலம் முழுவதும் மாதம் ஒருமுறை எண்ணெயைப் பார்க்கவும் வேண்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் கையில் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும். நெல்லையப்பரிடம் அம்மா தினமும் அதைத்தான் கேட்கிறாள். கம்பளிச் சட்டையை மறக்காதே, இருமல் என்று எழுதியிருந்தாய்.

இத்துடன் மூன்று தாள்கள் வைத்திருக்கிறேன். தேன் நிறக் கறை உள்ளது பாபநாசம் தன்னிடம் வேலைக்கு வந்த ஒரு நல்ல ஜீப்பில் எடுத்தது. பால் நிறக் கறை சேரன்மகாதேவியில் எடுத்தது. மூன்றாவது வெறும் தாள், அது உனக்கு. காண்ட்ராக்டரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், ஜீப் ஓடி வந்து நின்றதும், எண்ணெய் கலங்கியிருக்கும்போதே, பின் ஹவுசிங்கின் அந்தத் திருகைக் கழற்றச் சொல்லி, ஒரு குச்சியை விட்டு எடுத்து, இந்தத் தாளில் துடைத்துப் பார்.

உன் அப்பா
சி. தாணுமாலையன்