ஆரணி கொண்டுவந்த சிவப்பு வைன்

அன்பு மச்சான் தேவன்,

நீ போய் இது இரண்டாவது பனிக்காலம். இல்-பிசார் தீவில் உன் வீட்டு வாசலில் இப்போதும் நான்தான் பனி தள்ளுகிறேன். உன் மனைவி வதனி வேண்டாம் என்பாள். நான் கேட்பதில்லை.

போன ஞாயிறும் போயிருந்தேன். உன் மகள் ஆரணி இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வளாகத்தில் விவசாயம் படிக்கிறாள், தெரியுமா? ஒரு பிரெஞ்சுச் சிவப்பு வைன் போத்தலோடு வந்தாள். லேபிளில் ஒரு மலைச்சரிவும் சின்னக் கல்வீடும். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கனடாவுக்கு வருமுன் நீயும் நானும் திராட்சைக்கு மருந்தடித்த அதே சரிவு.

“அப்பாட மலை, மாமா. சித்திரையில இருந்து எனக்கு அங்க வேலை. ஓம் எண்டு எழுதிப்போட்டினம்.”

சாராயம் என்றாலே முகம் சுளிக்கிற வதனி, அந்தப் போத்தலை உன் படத்துக்கு முன்னால் படைத்து விளக்கேற்றினாள். அந்த மலையைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொல்லி வைத்திருக்கிறாய் நீ.

டிராக்டர் ஏறாத செங்குத்து என்று மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்ததை மட்டும் சொல்லவில்லை. முகமூடி தந்தார்கள்தான். வெக்கையில் மூச்சு முட்டுகிறதென்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஈரத் துவாயை மூக்கில் சுற்றினோம். ஊரில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அப்படித்தானே அடித்தோம்? மாலையில் மருந்து படிந்து துவாய் நீலமாயிருக்கும். நீலகண்டன் என்று பகிடி பண்ணுவேன். நீ கழுத்தைத் தடவிச் சிரிப்பாய்.

உன் இரத்தத்தில் வந்த வருத்தத்துக்கு அந்த மருந்து காரணமாயிருக்கலாம் என்று வைத்தியர் சொன்ன அன்று நீ சிரிக்கவில்லை. காருக்குள் வந்ததும் என் கையைப் பிடித்தாய்.

“பிள்ளைக்குச் சொல்லாதை. அந்த மலை அவளுக்கு வடிவாவே இருக்கட்டும்.”

ஓம் என்றேன். வேறென்ன சொல்லியிருப்பேன்?

அந்தத் திராட்சைத் தோட்ட முதலாளி அனுப்பிய படமொன்றை ஆரணி தொலைபேசியில் காட்டினாள். முதுகில் தாங்கியோடு ஒருவன் சரிவில் நிற்கிறான். முகமூடி கழுத்தில் கிடக்கிறது. தானும் அப்படித் தூக்குவாளாம். முகமூடி போடுவாயா என்று கேட்டேன். கட்டாயம் போடுவேன் என்று சிரித்தாள். முதல் நாள் நாங்களும் போட்டோமே, மச்சான்.

பிறகு வைனை ஊற்றித் தந்தாள். அங்கே இருந்த காலத்தில் எங்களுக்கு அதில் ஒரு துளி கிடைத்ததில்லை. நல்ல ருசி. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்கழி முழுக்க எனக்குக் களைப்பு. பல் தீட்டினால் இரத்தம். உனக்கும் இப்படித்தானே தொடங்கியது? சோதனை எடுத்தேன். வியாழக்கிழமை வரும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

என் மனுசி தான் வருவதாகச் சொன்னாள். வேண்டாமென்று ஆரணியைக் கேட்டிருக்கிறேன். வைத்தியர் வேகமாகக் கதைத்தால் அவரின் பிரெஞ்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். அவளுக்கு ஒரு சொல்லும் தப்பாது. அந்தத் திராட்சை மருந்தைப் பற்றி அவள் முன்னால் கேட்பேன். அவர் சொல்லும் பதிலை அவளே எனக்குத் தமிழில் சொல்லட்டும்.

உனக்குத் தந்த வாக்கை அப்படித்தான் மீறப் போகிறேன். கோபமிருந்தால் வைத்திரு, வந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் உன் பிள்ளை அந்த மலை ஏறமாட்டாள்.

உன் மகளின் மாமன்,
சிவா