தோளில் படாத சால்வை

நெய்வேலி,
19-8-1984

அன்புள்ள சந்திரகலா,

இங்கு நலம். நீயும் பிள்ளை எழிலனும் நலமாக இருக்க வேண்டும். உன் கணவருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நினைவு விழா நடந்தது. அழைப்பிதழைத் திருப்பி அனுப்பிவிட்ட உனக்கு அதைப் பற்றிப் படிக்க விருப்பம் இராது என்று தெரியும். இருந்தாலும், இதோடு வரும் பார்சலைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு.

விழாக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். சரித்திர டீச்சர், அதோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உன்னோடு படித்தவள் என்பதால். செயலாளர் சண்முகசுந்தரம் சுரங்க அலுவலகத்தில் இருக்கும் திருநெல்வேலிக்காரர். குமரன் என்ற பெயரில் உன் கணவர் எழுதிய படம் ஒன்றையும் விட்டதில்லை. பிறந்த வீட்டின் முன் கல்வெட்டு திறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வீடு இருந்த அத்திக்குடி முழுவதும் சுரங்கத்துக்குள் போய்விட்டது. இப்போது அங்கே தரைகூட இல்லை, பள்ளம்தான். அதனால் எங்கள் பிளாக் பூங்காவில் கல்லை நட்டு, ‘இவ்விடத்தில் பிறந்தார்’ என்று வெட்டிவிட்டார். அத்திக்குடி இங்கிருந்து மூன்று மைல் என்றேன். “டீச்சர், ஊரு ஒலகத்துல சிலை நிக்க எடத்துலயா எல்லாரும் பொறந்தாங்க?” என்று கேட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்தவர்களும் சேர்ந்து கூட்டம் நன்றாகவே இருந்தது. பேசியவர்கள் எல்லாரும் குமரனின் ஏழ்மையை உருக்கமாகப் பேசினார்கள். அவர் வீட்டார் யாருடைய நிலத்தில் கூலி வேலை செய்தார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நடுவில் ஓர் அம்மாள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து என்னிடம் வந்து, “மெட்ராஸ்லேர்ந்து அவம் பொண்டாட்டி புள்ள வந்திருக்குதாம்மா?” என்று கேட்டார். செங்கமலம், உன் கணவரின் அக்கா. ஊரை எடுத்தபோது கொடுத்த மாற்றுக் குடியிருப்பில் மகனோடு இருக்கிறார். மகனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. யாரும் அவரை அழைக்கவில்லை. ஒலிபெருக்கியில் குமரன், குமரன் என்று முழங்கிக்கொண்டிருந்தது. “எங்க கொளஞ்சியப்பனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேரு?” என்றார்.

சண்முகசுந்தரத்துக்கு விஷயம் எட்டியதும் பதறிப்போய் அவரை மேடையேற்றி, உனக்காக வாங்கி வைத்திருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தப் போனார். செங்கமலம் சட்டென்று பின்வாங்கி, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். தோளில் படவிடவில்லை. என்ன அடக்கம் என்று கூட்டம் கைதட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கீழே வந்து, மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார். குழாயடியில் சண்டை வந்தால் ஓரகத்தி மாணிக்கம்மாள் கடைசியில் இதில்தான் வந்து நிற்பாளாம்: “உன் பொறந்த வூட்டத்தான் மிஷினு வாரிக்கினு போயிடுச்சே, ஒனக்குக் கோடி யாருடி கொண்டாருவா?” கோடி, அதாவது செத்தவள்மேல் போர்த்தும் புதுத்துணி, தம்பி கையால் வர வேண்டும், இல்லையென்றால் தம்பி மகன் கையால். வராவிட்டால் அவள் நாதியற்றவள். தம்பி இருந்தவரை இவரும் விட்டுக்கொடுத்ததில்லை. “சினிமாக்காரன் பட்டுல கொண்டாருவான், நீ வாயப் பொளந்துகினு பாக்கப்போற” என்பாராம். போன வருஷம் தம்பி போனதிலிருந்து சொல்லப் பதில் இல்லை.

“ஒடம்புல பட்டா பழசாயிடும்மா, அதான் போத்த வுடல. இத அந்தப் பொண்ணுக்கு அனுப்பு. எனக்கு ஒண்ணுன்னா புள்ளகிட்ட குடுத்தனுப்பச் சொல்லு. அவன் புதுசா வாங்கணும்னு இல்ல, கொண்டாந்தா போதும்” என்றார்.

தம்பி இறந்ததை, டீக்கடை ரேடியோவில் கேட்ட யாரோ மறுநாள் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். முகம் பார்க்கவில்லை. முகவரி தெரியாமல் தந்தி வராமல் போயிருக்கும் என்று நான் சொன்னேன். “நாங்களும்தான் கல்யாணத்துக்குப் போவல. அந்தப் பொண்ணு ஊட்டு ஆளுங்க வெட்டிப் போட்டுருவாங்கன்னு பயந்துகினு இருந்தோம்” என்றார். உன்னைப் பிடிக்காமல் வரவில்லை என்று இத்தனை வருஷமாக நீ சொல்லி வந்தாய். நானும் நம்பியிருந்தேன்.

இந்தச் சடங்குகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். செத்தபின் எதைப் போர்த்தினால் என்ன என்று அவரிடமே கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவர் குழாயடியில் வாயடைத்து நிற்பது உயிரோடு இருக்கும் இப்போது. அதனால் கேட்கவில்லை, சால்வையை வாங்கிக்கொண்டேன்.

எழிலன் ஒரு முறை வந்து அவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனால் நல்லது. முடியாவிட்டால் நான் வற்புறுத்தவில்லை. சால்வையை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே. நீ போர்த்திக்கொள்ளவும் வேண்டாம். பெட்டியில் எங்கே வைத்திருக்கிறாய் என்று எழிலனுக்குக் காட்டி வை.

அதற்கு அவசரமில்லாதபடி அந்த அம்மாள் நெடுங்காலம் இருக்கட்டும். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
தமயந்தி