சுண்டுவிரல் நோயாளியின் வெற்றி அறிக்கை

அன்பும் அதட்டலும் சம அளவில் கலந்த என் அத்தைக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாக மேலே குடிபோன உங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: காற்றில் பறந்து பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் தஞ்சம் புகுந்திருந்த நம் ஸ்ரீரங்கம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடி, நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் தாயகம் திரும்பியது. குழுத் தலைவர் அடியேன். மரத்துக்கு ஏற்பட்ட அதிர்ச்சிக்கு நஷ்டஈடு கேட்டார்கள். நான் முருங்கைக்காயோடு திரும்பினேன்.

அடுத்த செய்தி கொஞ்சம் பெரிசு. உங்க வகுப்பு பிழைத்துவிட்டது, அத்தை.

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கொட்டாவி விடாதீங்க. மெடிக்கல் காலேஜில் பாடம் எடுத்தீங்க. வேலை செய்தே நசுங்கிப்போகும் நரம்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தீங்க. "எங்க அத்தை நரம்பு டாக்டர்" என்று நான் பெருமையடித்தால், "எந்த லாட்ஜ்ல, எந்தக் கிழமை?" என்பார்கள் என் நண்பர்கள். உங்களுக்கு லாட்ஜ் கிடையாது, காந்தி மார்க்கெட்தான். மூட்டை தூக்குகிறவர் தோளையும் பூ கட்டுகிற அக்காவின் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டு நின்று, கத்திரிக்காய் வாங்காமல் வருவீங்க. அன்றைக்கு எல்லாம் வீட்டில் ரசம்தான்.

கை மரத்துப்போகிறது என்று ஒருவர் வந்தால், சுகர் இருக்கா என்று கேட்டுவிட்டு மாத்திரை எழுதப் பறக்கிறார்கள் மாணவர்கள் என்பது உங்க புகார். "என்ன வேலைன்னு கேட்டா கூலி வேலைம்பாங்கடா. அதுல என்ன தெரியும்? எப்படிச் செய்றீங்க, செஞ்சு காட்டுங்கன்னு கேக்கணும்." அதைப் பழக்கத்தான், நோயாளியாக நடிக்க ஆட்களைக் கூட்டிவந்து ஒரு வகுப்பு ஆரம்பிச்சீங்க. கடைசியில் நீங்களே படுக்கையில் கிடந்தபோதுகூட, ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணனிடம் "எந்தக் கையால அழுத்தித் தள்ளுவீங்க?" என்று கேட்டீங்களே. அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்கியது. மீதியை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் போய்ச் சொல்வது நான்?

நீங்க போனதும், ஆள் பிடிக்கவே நேரம் போகிறது, வகுப்பை நிறுத்திவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. உங்க ஜூனியர் கவிதா டாக்டர்தான் மல்லுக்கட்டி ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கினார். உங்க வகுப்பில் இருந்தவர்கள், இல்லாதவர்கள், இரண்டு தரப்புக்கும் அதே நடிப்பு நோயாளிகள். வித்தியாசம் தெரிந்தால் வகுப்பு இருக்கும். தெரியாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள்.

அன்று பார்த்து ஒரு நடிகருக்குக் காய்ச்சல். எனக்கு அழைப்பு வந்தது. வேடம்: மன்னார்புரத்தில் மொபைல் ரிப்பேர் செய்யும் பையன். நாள் முழுக்கக் கண்ணாடி மேசையில் முழங்கை ஊன்றி வேலை. வலது சுண்டுவிரல் மரத்துப்போகிறது. கேட்காமல் எதையும் சொல்லக் கூடாது. எனக்கு இதைவிடக் கொடுமையான வேடம் யாராவது தர முடியுமா?

முதலில் வகுப்பில் இல்லாத ஒரு அண்ணன் வந்தார்.

"சுகர் இருக்கா?"

"வீட்டுல அரை கிலோ இருக்கும் சார்."

மூலையில் உட்கார்ந்திருந்த கவிதா டாக்டர் பார்த்த பார்வையில் அந்த அரை கிலோவும் கரைந்தது. அண்ணன் சத்து மாத்திரை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே.

பிறகு உங்க வகுப்பில் இருந்த செல்வி அக்கா வந்தார். துறையூர்க்காரர்.

"என்ன வேலை தம்பி?"

"செல்போன் ரிப்பேர்க்கா."

"எப்படி உக்காந்து பண்ணுவ? செஞ்சு காட்டு."

அத்தை, அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உட்கார்ந்து காட்டினேன். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். முழங்கைக்குப் பின்னால் தட்டினார், சுண்டுவிரல்வரை சுரீரென்றது. "மாத்திரை வேணாம். முதல்ல முழங்கையை மேசையிலருந்து எடு," என்றார்.

அதற்குப் பிறகு வந்த உங்க பிள்ளைகள் எல்லாருமே வேலையைக் கேட்டார்கள், செய்து காட்டச் சொன்னார்கள். மற்றவர்களில் ஒன்றிரண்டு பேர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிக் கேட்டதோடு சரி. துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடுத்த பேட்ச்ல எல்லாருக்கும் வெச்சுடுங்க," என்றார். முகம் கழுவப் போன கவிதா டாக்டர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

என் நடிப்பைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. இவ்வளவு இயல்பாக யாரும் நோயாளி ஆனதில்லையாம். உங்க வகுப்பைத் தாங்கிப் பிடித்தது இந்த ஒற்றைச் சுண்டுவிரல்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

சொல்லாத பகுதி இது. கேன்டீனில் செல்வி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உனக்குக் கொடுத்தது வலது கை. நீ ஏன் இடது கையை நீட்டுன?"

"உளறிட்டேன்க்கா. பழக்கம்."

"டாக்டரும் அப்படித்தான் நெனச்சாங்க. ஆனா தட்டினப்ப துள்ளுனியே, அதுவும் உளறலா? போன்ல கேம் எப்படி ஆடுவேன்னு செஞ்சு காட்டு."

டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு இடது முழங்கையை மேசையில் ஊன்றிக் காட்டினேன். அக்கா என்னை நேரே கவிதா டாக்டரிடம் கூட்டிப்போனார்.

பயப்படாதீங்க, என் இடது முழங்கை நரம்பு நிஜமாகவே நசுங்குகிறது என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. ஊன்றாமல் இருந்தால் சரியாகிவிடுமாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இனிமேல் முழங்கையை எதன்மேலும் ஊன்ற மாட்டேன், இது சத்தியம். அடுத்த பேட்ச்சுக்கும் வருவேன், அதுவும் சத்தியம். ஆனால் நடிகன் என்று மட்டும் இனி சொல்லிக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு அந்த அறையில் நான் நடிக்கவே இல்லை, அத்தை.

உங்க வகுப்பிடம் வசமாக மாட்டிக்கொண்ட அசல் நோயாளி,
உங்க அண்ணன் மகன்
சீனு